குகனேஸ்வரியின் காரும் பொலித்தீன் உறையும்

என் தம்பி ஆனந்தராசாவின் மனைவி குகனேஸ்வரி நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டப் பழகினாள். அதற்கு முன் அவள் ஓட்டியது சைக்கிள் மட்டும், அதுவும் கரவெட்டியிலிருந்து நெல்லியடிச் சந்தைக்கு. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து ஒன்பது வருடம் எல்லா இடத்துக்கும் நடந்தோ பஸ்ஸிலோதான் போனாள். காலையில் ஒரு வீட்டில் நிலம் துடைப்பாள். பின்னேரம் சின்யோரா நீனா என்ற முதிய அம்மாவின் வீட்டில் உடுப்பு அயன் பண்ணுவாள். இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறாள். கோயிலில் முன்வரிசையில் நிற்கமாட்டாள், சங்கக் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டாள். அவளைப் பற்றி எழுத வேண்டியவள் நான்தான், ஏனென்றால் என் தம்பி இன்றைக்கு உயிரோடு இருப்பது அவளால்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை செய்தேன். இங்கே வந்தும் நடக்க ஏலாதவர்களைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துத்தான் சீவியம். எனக்கு இப்போது அறுபத்தாறு.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த மனுசன். செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள், நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரி மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுடைய வீடு சீசா என்ற பகுதியில். ஆஸ்பத்திரி நகரத்தின் மற்றப் பக்கம். இரண்டு பஸ். தானே நடக்கக்கூடிய நோயாளி என்பதால் ஏற்றி இறக்கும் வாகனம் கிடைக்கவில்லை.

மெஷினிலிருந்து இறங்கியவனுக்குப் பிரஷர் விழும். தலை சுற்றும். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு இருக்கும், அந்தக் கையால் எதையும் பிடிக்கக்கூடாது. அப்படியே பஸ்ஸில் நின்றுகொண்டு வருவான். ஒருநாள் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தடியில் பஸ் மாறுகிறபோது வாந்தியெடுத்து நிலத்தில் இருந்துவிட்டான். குடிகாரன் என்று நினைத்து ஆட்கள் விலகிப் போனார்கள்.

"அக்கா, மெஷினைத் தாங்கலாம்," என்று என்னிடம் சொன்னான். "உந்தப் போற வாற வழிதான் ஏலாமக் கிடக்கு."

குகனேஸ்வரி அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். "நான் கார் பழகப் போறன்," என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் தவறினாள். கேள்வியெல்லாம் இத்தாலியனில். அயன் மேசையின் நுனியில் புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒரு சட்டைக்கு ஒரு பக்கம் என்று படித்தாள். கார் ஓடப் பழக்கியவர் வாலெந்தேன். மொரிசியஸ்காரர், ஒரு வக்கீல் வீட்டில் சாரதி. அவருடைய முன்னோர் தமிழர். எங்களோடு கோயிலுக்கு வருவார், ஆனால் தமிழில் பத்துச் சொல்தான் தெரியும், மிச்சமெல்லாம் இத்தாலியன். குகனேஸ்வரி குறுக்கே வந்த ஒவ்வொரு வாகனத்திடமும் "ஸ்கூசி, ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினாளாம். "சின்யோரா குகா, முதலில் பிரேக்கை மிதியுங்கள். மன்னிப்பை வீட்டுக்குப் போய்க் கடிதமாக எழுதலாம்," என்று வாலெந்தேன் சொல்லியிருக்கிறார். மூன்றாம் தரம் பாஸ்.

கார் சின்யோரா நீனா தந்தது. அவருடைய கணவர் அலுவலகமொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாட்களில் அவரைக் கழுவித் துடைத்தது குகனேஸ்வரிதான். அவர் போனபின் கார் முற்றத்துக் கராஜில் நின்றது. சின்யோரா ஓடமாட்டார், பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றாறு பங்குனியில் ஒருநாள் காரின் திறப்பைக் குகனேஸ்வரியின் கையில் வைத்து, "அவர் வைத்திருந்த மாதிரியே நீயும் வைத்திரு" என்றார். பத்திரங்களும் அவள் பெயருக்கு மாறின.

கார் என்றால் நான் பகட்டைப் பார்ப்பவளில்லை. நோயாளியை ஏற்றி இறக்க வசதியா என்றுதான் பார்ப்பேன். அன்றைக்கு முற்றத்தில் அதைச் சுற்றி வந்து பார்த்தேன். பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற குடும்பக் கார், பக்கத்துக்கு இரண்டாக நாலு கதவு. முன்கதவு அகலமாகத் திறந்தது. தாங்கிப் பிடிப்பவளும் நிற்க இடமிருந்தது. ஆசனம் சரியாக இடுப்பு உயரம். அதில் இருந்துவிட்டுக் காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். கதவின் மேலே பிடித்துக்கொள்ளக் கைபிடி. சாத்தினால் நல்ல மர அலுமாரியைச் சாத்தினது போல ஒரே சத்தம். கண்ணாடி பொத்தானை அமத்த இறங்கியது. முன்பலகையில் எங்கே தடவினாலும் கையைக் கீறுகிற விளிம்பு இல்லை. நாலு வருடத்தில் ஓடியது ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர். ஆசனங்கள் எல்லாம் தொழிற்சாலையில் போட்ட பொலித்தீன் உறையோடு அப்படியே இருந்தன.

"உறை கிடக்கட்டும்," என்று சொன்னவள் நான். "சத்தி எடுத்தாலும் ஒரு துடையிலை போயிடும். ஆஸ்பத்திரியிலை நாங்கள் ரப்பர் சீலை விரிக்கிறேல்லையே?"

குகனேஸ்வரிக்கும் அதுதான் விருப்பம். எங்கள் ஆட்கள் டிவி ரிமோட்டைக்கூட உறையோடு வைத்திருப்பவர்கள். பிறகு நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவில் தேங்காய் உடைத்து, பக்கத்துக் கடைக்காரர் என்ன உடைந்தது என்று ஓடிவந்து பார்த்து, எல்லாம் முறையாக நடந்தது. பிள்ளையார் படம் ஒன்றை முன்பலகையின் நடுவில் ஒட்டினாள். குளிர்காற்றுக்கென்று பனிப்பூப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமத்தினால் தம்பிக்குச் சளி, தடிமன் பிடிக்கும் என்று யாரையும் தொடவிடவில்லை.

சித்திரை, வைகாசி நன்றாகப் போனது. தம்பி ஆசனத்தில் இருந்துகொண்டு போய் இருந்துகொண்டு வந்தான். பஸ்ஸை நினைத்தால் அது சொர்க்கம். ஆனியில் வெயில் ஏறியது. மூத்தவள் நிரோசினிக்குப் பன்னிரண்டு வயது. பின்னாலிருந்து, "அம்மா, கால்தோ, சரியான வெக்கை, தொடை ஒட்டுது" என்று புறுபுறுப்பாள். வாலெந்தேன் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "நீங்கள் கார் ஓட்டுகிறீர்களா, குளியலறைத் திரையை ஓட்டுகிறீர்களா?" என்று கேட்டார். குகனேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷின் முடிந்து மத்தியானத்துக்குச் சற்று முன் வருகிறார்கள். வெயில் கொதிக்கிறது. சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே பாய, அவள் பிரேக் போட்டாள். வியர்வையில் நனைந்த பொலித்தீனில் தம்பி சறுக்கி முன்னுக்குப் போனான். பெல்ட் கழுத்துக்கு ஏறியது. தன்னைத் தடுக்க இடது கையை நீட்டி, அது கியர்த் தடியில் அடிபட்டு, கட்டு இரத்தத்தில் நனைந்துவிட்டது. குகனேஸ்வரி காரை ஓரம் கட்டி, நான் பழக்கினபடி பெருவிரலால் அமத்திப் பிடித்துப் பத்து நிமிஷம் இருந்தாள். இரத்தம் நின்றது. வீட்டுக்கு வரும்வரை தம்பி அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தானாம். படியேறியபின், "வியாழக்கிழமை நான் வரமாட்டன். இனி ஒரு நாளும் வரமாட்டன்" என்றானாம்.

புதன் காலை நான் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ராசா, மெஷினுக்குப் போகாட்டி என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"எத்தினை நாள் எண்டு தெரியுமோ?"

"அக்கா, நீங்கள் எல்லாருக்கும் சொல்லுற ஆள். எனக்குச் சொல்ல வேண்டாம். உந்தக் காருக்குள்ளை நான் அவிஞ்சு சாகிறதிலும் பார்க்க இஞ்சை கிடந்து சாகிறன்."

இப்படிச் சொல்லுகிற நோயாளியோடு வாதாடக்கூடாது. அவன் சொன்னதில் எது நோய், எது வசதிக்குறைவு என்று முதலில் பிரிக்க வேண்டும். நோயை என்னால் மாற்ற ஏலாது. மற்றதை மாற்றலாம். வார்ட்டில் எங்களைப் பழக்கிய தலைமைத் தாதி, மேற்றன் அம்மா, புதுக் கட்டில் வந்தால் முதலில் எங்களைத்தான் அதில் படுக்கவைப்பார். அரை மணித்தியாலம் அசையாமல் படுத்து, எங்கே நோகுது என்று சொல்ல வேண்டும்.

"குகனேசு, திறப்பை எடும்," என்றேன். "இண்டைக்கு நான்தான் நோயாளி."

"மச்சாள், உங்களுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. அவன் இருக்கிற சீற்றிலை நான் இருக்கிறன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வாரும். நேற்று ஓடின மாதிரியே ஓடும்."

பெல்ட்டைப் போட்டு, கண்ணை மூடி, உடம்பைத் தளரவிட்டேன். இடது கையை மடியில் வைத்து, அது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவிலேயே சறுக்கத் தொடங்கிவிட்டேன். வலது கையால் கைபிடியைப் பிடிக்கத் தோள் நொந்தது. தொடைக்குக் கீழே வியர்வை குளமாக நின்றது. முதுகுக்குச் சாய்வு போதாது, தலையைத் தாங்க ஒன்றுமில்லை. முகத்துக்குக் காற்று வரவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். காற்று வருகிற துவாரம் முழுவதையும் பிள்ளையார் மறைத்துக்கொண்டிருந்தார்.

"படத்தை எடும்."

"பிள்ளையாரை எங்கை வைக்கிறது, மச்சாள்?"

"காத்து வராத எந்த இடத்திலையும் வையும். அவருக்குக் காத்துத் தேவையில்லை. இந்தச் சீற் பின்னுக்குச் சாயாதோ?"

"தெரியாது. ஏதோ பிடி இருக்கெண்டு வாலெந்தேன் ஒருக்கால் சொன்னவர். உறைக்குள்ளை கையை விட்டால் கிழிஞ்சு போயிடும் எண்டு நான் விடேல்லை."

ஐந்து மாதமாக அவன் நேராக நிமிர்ந்தே வந்திருக்கிறான். பிரஷர் விழுந்த நோயாளியை முதலில் சாய்க்க வேண்டும் என்பது நேற்று வேலைக்கு வந்த பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ரப்பர் சீலை விரித்தால் அதன்மேல் கட்டாயம் பருத்தித் துணி ஒன்று விரிப்போம். வெறும் ரப்பரில் எந்த நோயாளியையும் கிடத்தியதில்லை. பாதிப் பாடத்தைத்தான் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

வீட்டு வாசலில் கார் நின்றதும், "உறையை வெட்டுவம்" என்றேன்.

"ஏலாது, மச்சாள்."

"ஏன் ஏலாது?"

"சின்யோரா என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு. அவர் வைச்சிருந்த மாதிரி வைச்சிரு எண்டு. நான் காரிலை வேலைக்குப் போகேக்கை அவ பல்கனியாலை பார்க்கிறவ. நான் பிச்சு எறிஞ்சால் என்ன நினைப்பா? நன்றி கெட்ட சாதி எண்டு நினைக்க மாட்டாவோ?" பிறகு மெதுவாக, "நீங்கள்தானே உறை நல்லதெண்டும் சொன்னனீங்கள்" என்றாள்.

"ஓம், சொன்னன். பிழை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் நான் பிழை என்று சொன்னதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப நானே போய்க் கேக்கிறன்," என்றாள். "ஆனா நீங்களும் வாங்கோ."

சின்யோரா நீனா எங்களை முன்னறையில் இருத்தினார். அந்தச் சோபாவும் பொலித்தீன் உறையோடுதான். நாங்கள் இருக்க அது கிறீச்சென்றது. குகனேஸ்வரி தன் நடுங்கிய இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள்: கணவர் சறுக்குகிறார், வெக்கை, கையில் இரத்தம், மன்னிக்க வேண்டும், காரை வைத்திருந்த மாதிரி வைத்திருக்க முடியவில்லை, உங்கள் அனுமதி இருந்தால் முன் ஆசனத்தில் மட்டும்...

சின்யோரா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த உறை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். "நான் அந்தக் காரில் நாலு கோடைகாலம் போயிருக்கிறேன். இறங்கும்போது பாவாடை என்னோடு வராது. கழற்றுவோம் என்று கெஞ்சினேன். பழுதாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். நீ முதல் நாளே கிழித்து எறிந்திருப்பாய் என்று நினைத்தேன். பல்கனியிலிருந்து பார்த்தால் கண்ணாடி பளபளக்கிறது என்றுதான் தெரிந்தது."

"அவர் வைத்திருந்த மாதிரி வைத்திரு என்றீர்கள்," என்றாள் குகனேஸ்வரி.

"எண்ணெயையும் டயரையும் சொன்னேன், மகளே."

நான் சோபாவைக் காட்டி, "அப்படியென்றால் இது?" என்று கேட்டேன்.

"அது வேறு விஷயம்," என்றார் சின்யோரா.

அன்று பின்னேரமே வெட்டினோம். கட்டு வெட்டுகிற என் கத்தரிக்கோலின் நுனி மொட்டையானது, கீழே இருப்பதைக் குத்தாது. தோல்வரை போகாமல் துணியை மட்டும் வெட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை. உறை உரிந்து வர, உள்ளே கருநீலத் துணி. வெல்வெற் மாதிரி மென்மை, ஆனால் இறுக்கமான நெசவு. நடுவில் சாம்பல் கோடு. கையை வைத்து அழுத்தினேன். அமிழ்ந்து, பிறகு கையை மெல்லத் தள்ளி எழும்பியது. நல்ல மெத்தை அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு ஓரமும் சற்று உயர்ந்து, இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற அமைப்பு. வளைவில் சறுக்காமல் இருக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதை யோசித்துச் செய்தவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

வேலை முடிந்து வந்த வாலெந்தேன் முன் ஆசனத்தில் ஏறி, கல்யாண வீட்டில் சீர்வரிசை காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். பக்கத்தில் ஒரு வட்டத் திருகி. திருகினால் முதுகுச் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே போனது. இன்னொரு பிடி ஆசனத்தை உயர்த்தியது. இடுப்புக்கு முட்டுக் கொடுக்க ஒரு சின்னத் திருகி. தலையணையை மேலே இழுக்கலாம். கடைசியாகப் பனிப்பூப் பொத்தான். குளிர்காற்றை முகத்துக்கு விடாமல் மேலே கூரைப்பக்கம் திருப்பிவிடலாம் என்று காட்டினார்.

"அப்ப தடிமன் வராதோ?" என்று என்னிடம் கேட்டாள் குகனேஸ்வரி.

"வராது. வந்தாலும் தடிமன் வரட்டும்."

"இதையெல்லாம் எனக்கு ஏன் முதலே காட்டவில்லை?" என்று வாலெந்தேனை இத்தாலியனில் கேட்டாள்.

"நான் கையை நீட்டியபோது, தொடாதே என்று தமிழில் கத்தினீர்கள். எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் அதுவும் ஒன்று," என்றார் அவர்.

இதெல்லாம் நடந்தும் வியாழன் காலை தம்பி எழும்பவில்லை. ஆறரைக்கு மெஷின். ஐந்தரைக்கு நான் அங்கே நின்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்," என்றேன். "கீழை வந்து காருக்குள்ளை ஐஞ்சு நிமிஷம் இரு. பிடிக்காட்டி மேலை வந்து படு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருப்பியளோ?"

"ஐஞ்சு நிமிஷம் இருப்பன்."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். குகனேஸ்வரி முன்கதவைத் திறந்து பிடித்தாள். இருந்தான். கால்களைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவள் கதவைச் சாத்தி, சுற்றிப் போய் ஏறி, எஞ்சினைப் போட்டு, பொத்தானை அமத்தினாள். பிறகு குனிந்து அந்தத் திருகியை மெதுவாகத் திருக, அவன் முதுகு பின்னே போனது. நான் பின் ஆசனத்தில் இருந்தேன். அவன் வலது கை துணியைத் தடவுவது தெரிந்தது.

"இஞ்சாரும், இது எப்பத்தையான் துணி?"

"காரோடை வந்ததுதான்."

"இவ்வளவு நாளும் இதுக்கு மேலையோ நான் இருந்தனான்?"

"ஓம். பிழை எங்கடை." எங்கடை என்றாள், மச்சாளின் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஐந்து நிமிஷமானது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவன் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் போனபின், "நேரம் போகுது, எடுமன்" என்றான்.

போகும் வழி பெரிய சோதனையில்லை. வரும் வழிதான் சோதனை. மெஷின் முடிந்து வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆசனத்தை நன்றாகச் சாய்த்து, காலுக்குக் கீழே மடித்த போர்வை வைத்தோம். மடியில் துவாயும் பிளாஸ்ரிக் கோப்பையும், வாந்தி வந்தால் அது போதும். அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருக்களைத் தவிர்த்து, சுற்றுவழியானாலும் அகலமான வீதியால் ஓடினாள். ஸ்டியரிங் ஒரு கையால் திரும்பும் அளவுக்கு இலகு. இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு சந்திக்கும் முன்னரே வேகத்தைக் குறைத்தாள். உள்ளே சத்தமில்லை. வெளியே ஹோர்ன் அடிக்கிறார்கள், பக்கத்து வீட்டில் அடிப்பது போல இருந்தது. பாதி வழியில் தம்பியின் வாய் திறந்துகொண்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நித்திரை. வீட்டு வாசலில் அவள் எஞ்சினை நிறுத்தாமல் கால் மணித்தியாலம் அப்படியே இருந்தாள். நானும் இருந்தேன்.

இதை எழுதுவது தொண்ணூற்றொன்பதில். மூன்று வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி அவள் ஓடுகிறாள். காய்ச்சல் நாளிலும் ஓடினாள், பஸ் வேலைநிறுத்தத்தன்று எங்கள் ஆட்கள் இன்னும் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டும் ஓடினாள். தம்பியின் பெயர் புதுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இருக்கிறது. வரும் என்றும் சொல்லமாட்டேன், வராது என்றும் சொல்லமாட்டேன். அதுவரை அவனைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவள் இருக்கிறாள். காரைத் தந்த சின்யோராவுக்கும் பொறுமையாகப் பழக்கிய வாலெந்தேனுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். குகனேஸ்வரிக்கு நான் கடமைப்பட்டதை எழுத இந்தத் தாள் போதாது. அவள் வாசிப்பாள் என்பதால் இத்தோடு விடுகிறேன். நீட்டினால் என்னைத் திட்டுவாள்.

அந்தக் கிழமையில் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம். வெள்ளிக்கிழமை முழுக்க என் வேலை வீட்டில் மனம் நிற்கவில்லை. வியாழன் ஒரு நாள் போனது சரி, சனிக்கிழமை எழும்புவானோ என்று யோசனை. சனி காலை ஐந்தே முக்காலுக்கு ரெலிபோன் எடுத்தேன். நிரோசினி எடுத்தாள், பாதி நித்திரையில்.

"அப்பா எங்கை?" என்றேன்.

"வெளிக்கிட்டுப் போட்டினம், மாமி," என்றாள். "அப்பாதான் முதல் கீழை இறங்கினவர். அம்மா இன்னும் சப்பாத்துப் போடேல்லை எண்டு கீழை நிண்டு கத்தினவர்."